பன்னிரண்டடிக் கோல்

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து,
ஐப்பசி 22

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தேனே தவிர, உட்கார்ந்து பதில் எழுத ஒரு மணி நேரம் வாய்க்கவில்லை. இன்றைக்கு மழை விடுமுறை. விடியற்காலையிலேயே டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாரல் பட்டு எழுத்து அங்கங்கே கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் சொன்ன தேதிக்கே, ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். 15-ல் கல்லணை. நாம் கடைமடை, நம் வாய்க்காலில் தண்ணீரைப் பார்க்க இன்னும் பல நாள் பிடித்தது. ஆனாலும் குறுவை நன்றாக விளைந்தது. அறுத்த பிறகுதான் கஷ்டம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, தம்பி பன்னிரண்டு நாள் தார்ப்பாயும் கையுமாகக் காவல் கிடந்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஐப்பசி அடைமழையில் நெல் எங்கே காயும்? ஒரு வழியாக எடுத்துக்கொண்டார்கள். அடிக்குவியல் முளைத்துப்போனது போனதுதான். இப்போது சம்பா நட்டு, பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. வரப்பு முழுகாமல் இருக்க வேண்டும், அதுதான் கவலை.

உன் முட்டிவலிக்கு மாடிப்படி ஏறாதே. அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது.

உன் மருமகளைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. பேத்தியின் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்ததும் அந்தப் பெண் அடுப்படிக்குள் போய்விடுகிறாள், எட்டாவது வரைக்கும் படித்தவள், "எனக்கு இங்கிலீஷ் வராது அத்தை, நான் சொல்லிக் குடுத்தா தப்பாப் போயிடும்" என்கிறாள் என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, வீட்டில் கவனிப்பதில்லை என்று சொன்னார்களாம். திருப்பூரில் ஒரு நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளிடம் அப்படிச் சொல்ல எப்படி வாய் வந்தது? ஆனால் கமலா, நானும் அப்படிச் சொன்னவள்தான். அதை உன்னிடம் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

நான் இந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்த முதல் வருஷம், பெற்றோர் கூட்டம் போட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு. அப்போது நடவு நேரம் என்பது கூட எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் அறுபத்தொரு பேர். வந்தவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரில் ஒரு அம்மா, சேற்றுக் காலைக் குழாயடியில் கழுவிவிட்டு ஓட்டமாக வந்தவர். அவர் மகள் மூன்றாம் வகுப்பு, எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளை. எல்லோர் முன்னாலும், "ராத்திரியில அரை மணி நேரம் உக்கார வச்சுப் படிக்கச் சொல்லுங்கம்மா, நீங்க கவனிக்கிறதே இல்ல" என்று சொல்லி, கையெழுத்துக்கு நோட்டை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. மேசையில் இருந்த மைப் பெட்டியைப் பார்த்தார், மற்ற மூன்று பேரைப் பார்த்தார், "இதோ வர்றேன் டீச்சர்" என்று வெளியே போனவர் ஒரு வருஷம் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளைதான் வந்து காதோடு சொன்னது: "அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது டீச்சர். அதான்."

அன்று ராத்திரி, பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த நம் அறிவொளி இயக்க நாள்கள்தான் நினைவுக்கு வந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீயும் நானும் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோமே. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-ல் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அந்தப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டு நமக்கு எத்தனை வேகம் வந்தது! மேலத்தெருப் பெரியம்மா நம்மிடம் கேட்டது என்ன? "என் பேரை மட்டும் எழுதக் கத்துக் குடுங்கடி, ரேஷன் கடையில எல்லாரு முன்னாலயும் கட்டை விரலைப் பிடிச்சு மை தடவுறானுவ." அந்தக் கூச்சம் எத்தனை பெரியது என்று இருபது வயதில் நமக்குத் தெரிந்திருந்தது. டீச்சரான பிறகு எனக்கு மறந்துபோயிருந்தது. இன்னொன்றும் நினைவிருக்கிறதா? அம்மாக்கள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருவார்கள். அம்மா பலகையில் "படம்" என்று எழுதி முடிப்பதற்குள் மடியில் இருக்கிற பிள்ளை அதைச் சத்தமாகப் படித்துவிடும். வயது வந்தவர்களுக்கு நடத்துகிறோம் என்றுதான் நினைத்தோம். வீடே சேர்ந்து படித்துக்கொண்டிருந்தது.

கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்து, 2021 அக்டோபரில், தெருவிலேயே தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது இதையே மறுபடி பார்த்தேன். எங்கள் தெருவில் கல்லூரி முடித்த பெண் ஒருத்தி தன்னார்வலர். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் பாயை விரிப்பாள். முதல் வாரம் அம்மாக்கள் எட்ட நின்று பார்த்தார்கள். அடுத்த வாரம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுப் பாடினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேன் என்றவர்கள்தான் அவர்கள். பள்ளிக்கூடம் திண்ணைக்கு வந்ததும் வந்து உட்கார்ந்தார்கள். அக்கறை இல்லாமல் இல்லை கமலா. வாசலில் அவர்களை நிறுத்திவைத்தது வெட்கம்.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைத்தார்கள். அப்போது 20 பேரில் 15 பேர் பெற்றோர். கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே இப்படி ஒரு குழு வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்தது ஒன்று, நடப்பது ஒன்று. தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் அதுவும் மைப் பெட்டிக் கதைதான். அதனால் இந்தத் தடவை கூட்டத்தைச் சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு வைத்தேன். கோயில் வாசலில். நோட்டு எடுத்துப் போகவில்லை. ஒரே கேள்வி கேட்டேன்: "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை ஒன்னு சொல்லுங்க."

"எங்களுக்கு என்ன டீச்சர் தெரியும்" என்பதுதான் கொஞ்ச நேரத்துக்கு வந்த பதில். பிறகு ஒருத்தர் மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயது சொல்வேன் என்றார். ஒரு அக்கா நாற்றுமுடியைத் தூக்கிப் பார்த்தே எத்தனை தூரத்துக்கு நடவு வரும் என்று சொல்வேன் என்றது. மதகுக்கு மராமத்து பார்த்தவர், வலை பின்னுகிறவர், பாய் முடைகிறவர், கல்யாணத்துக்கு நானூறு பேருக்குச் சமைக்கிறவர் என்று வந்துகொண்டே இருந்தது. அத்தனையும் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் வேறு பெயரில் இருக்கிற விஷயங்கள்.

ஐந்தாம் வகுப்புக்குப் பரப்பளவு நடத்த வேண்டிய வாரம், ஒரு பையனின் தாத்தாவை வரச் சொன்னேன். பண்ணையில் காலமெல்லாம் உழைத்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் யார் நிலம் எத்தனை குழி என்று அளந்து பழகிய கை. மூங்கிலைச் சீவி, பன்னிரண்டு அடி அளந்து, இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கோலைத் தரையில் கிடத்தி, நுனியில் கட்டை விரலை ஊன்றி, கோலைத் தூக்கி அந்த விரலுக்கு முன்னால் வைத்து, மறுபடியும் விரல். ஒரு அங்குலம் தப்பவில்லை. பிள்ளைகள் அவர் பின்னால் ஊர்வலம்போல எண்ணிக்கொண்டே போனார்கள். விளையாட்டுத் திடல் நீளவாக்கில் ஏழு கோல், அகலவாக்கில் ஐந்து கோல். "ஏழஞ்சு முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு குழி" என்றார்.

பிள்ளைகள் டேப் வைத்து அளந்தார்கள். 84 அடிக்கு 60 அடி. பெருக்கினால் 5,040 சதுர அடி. ஒரு கோலுக்கு ஒரு கோல் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. வகுத்தால் 35. கரும்பலகையில் அந்த 35 வந்தபோது அவர் பேரன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அதுவரை தாத்தாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வரக் கூச்சப்பட்ட பையன் அவன்.

கணக்கு அதோடு நிற்கவில்லை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். "மூணு மா ஒரு ஏக்கரு" என்றார். ஒரு பெண் பிள்ளை நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. "360 அடி குறையுது தாத்தா." அவர் கொஞ்சம் யோசித்து, "ரெண்டரைக் குழி. வரப்புக்கு விட்டது போல இருக்கு" என்றார். 360-ஐ 144-ஆல் வகுத்தால் சரியாக இரண்டரை. அவர் எப்படி அவ்வளவு சீக்கிரம் போட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் கோல் இப்போது என் அறை மூலையில் சாத்தியிருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் வகுப்புக்குப் போவதில்லை.

இன்னொரு வேலையையும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 உனக்கும் மறக்காது. ராத்திரி முழுக்கக் கஜா புயல் அடித்து, விடியும்போது தென்னை ஒன்று நிற்கவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அன்று இடுப்புக் குழந்தைகள். "அன்னைக்கு ராத்திரி நம்ம வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டு எழுதிக்கிட்டு வாங்க" என்றேன். அம்மா சொல்ல வேண்டும், பிள்ளை எழுத வேண்டும். எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, அம்மா சரி என்ற பிறகுதான் என்னிடம் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான் விதி.

நான் சொன்னேனே, மைப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போன அம்மா, அவருடைய இரண்டாவது பிள்ளை இந்த வகுப்பில். அந்த நோட்டில் ஒரு பக்கத்தில் ஐந்து இடத்தில் அடித்துத் திருத்தி இருந்தது. ஏன் என்று கேட்டேன். பையன் சொன்னான்: "நான் 'அம்மா பயந்து அழுதாங்க'ன்னு எழுதினேன் டீச்சர். படிச்சுக் காட்டினதும் அம்மா, 'நான் அழல. கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காந்திருந்தேன். அப்படி எழுது'ன்னுச்சு." ஓடு பறந்தது வடக்குப் பக்கமா கிழக்குப் பக்கமா, ஆட்டை அவிழ்த்துவிட்டது யார், அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் சோறு வாங்கியது எத்தனை நாள், எல்லாம் அவர் சொல்லித் திருத்தியது. எழுத்துத் தெரியாதவர், எழுதியதைத் திருத்துகிறார். இதைவிடப் படிப்பு வேறு என்ன? அடுத்த சனிக்கிழமை அவர் முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பையன் படித்தபோது வாயசைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நான் அவரிடம் போய், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் பேசியது என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் பதில் ஏதும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது பெயரெழுதக் கற்றுக்கொள்கிறார். மகன்தான் வாத்தியார்.

அப்பாக்கள் விஷயம் வேறு மாதிரி. பாதி வீட்டில் அப்பா ஊரில் இல்லை. திருப்பூர், சிங்கப்பூர், குவைத். குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்றைக்கு ராத்திரி வீடியோ கால் வரும். "சாப்டியா, நல்லாப் படி" என்பதோடு முடிந்துபோகிற பேச்சு. அரசின் வாசிப்பு இயக்கத்தில் பள்ளிக்கு வந்த சின்னப் புத்தகங்களில் ஒன்றை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பி, அப்பாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். பிறகு அப்பா சின்ன வயதில் கேட்ட கதை ஒன்றை அவர் சொல்ல வேண்டும். ஒரு அப்பா மூன்று வாரமாகப் பாமணி ஆற்றில் தான் மீன் பிடித்த கதையைத் தொடர்கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மகள் திங்கட்கிழமை வந்து வகுப்பில் சொல்லுவாள். வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று இப்போது வகுப்பே காத்திருக்கிறது.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. என் மகள் பி.எட். படித்தபோது சொன்னாள்: அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகரத்தில் லூயிஸ் மோல் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆசிரியர்களையே மெக்சிகோவிலிருந்து வந்த கூலிக் குடும்பங்களின் வீட்டுக்கு அனுப்பினார்களாம். குறை சொல்ல இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள. விவசாயம், சுரங்கம், கால்நடை, நாட்டு வைத்தியம் என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைப் பார்த்துவிட்டு, அதை வைத்துப் பாடம் கட்டினார்கள். 1992-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். துருக்கியில் இன்னும் முன்னால், 1982-ல், இஸ்தான்புல்லில் ஏழைத் தாய்மார்களுக்குப் பிள்ளைகளோடு வீட்டில் என்ன பேசலாம், என்ன செய்யலாம் என்று பழக்கினார்கள். திட்டம் முடிந்து பல வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பழகிய தாய்மார்களின் பிள்ளைகளில் 86 சதவீதம் பேர் இன்னும் பள்ளியில் இருந்தார்கள். மற்றவர்களில் 67 சதவீதம்தான். நம் நாட்டிலும் பீகார், ராஜஸ்தானில் 480 கிராமங்களில் அம்மாக்களுக்கு எழுத்து வகுப்பும், பிள்ளையோடு வீட்டில் செய்யும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கணக்கில் கிடைத்த முன்னேற்றம் சின்னதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. பாடம் நடத்துவது டீச்சர் வேலை, அதைப் பெற்றோர் தலையில் கட்ட முடியாது. என் வகுப்பில் எழுத்துக் கூட்டாத பிள்ளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கிராமங்களின் அம்மாக்களே கற்றுக்கொண்டார்கள், பிள்ளையின் படிப்பில் கலந்துகொண்டார்கள். அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இப்போது உன் மருமகளுக்கு வருகிறேன். அவளிடம் இங்கிலீஷ் நோட்டைக் கொடுக்காதே. கோலம் போடச் சொல். அவள் கோலம் போடுவதை உன் மகன் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், கோடு இழுத்தால் கை நடுங்காது. ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி நாலு வரை வைக்கட்டும். மொத்தம் எத்தனை புள்ளி என்று பேத்தி முதலில் எண்ணட்டும். 37 வரும். பிறகு எண்ணாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கட்டும். நடுவில் ஏழு, மேலே ஆறு ஐந்து நாலு, கீழேயும் அதே. இது பிடிபட்டுவிட்டால், பதினைந்து புள்ளி எட்டு வரை வைத்தால் எத்தனை என்று அம்மாவும் பெண்ணும் சேர்ந்து போடட்டும். விடை 169. நீ முன்கூட்டிச் சொல்லிவிடாதே. எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் இதைச் செய்தபோது ஒரு அம்மா மாவுக் கையோடு நின்று, "இவ்வளவு நாளா நான் போட்டுக்கிட்டு இருந்தது கணக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

ராத்திரியில் பேத்தி தமிழ்ப் புத்தகத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும். அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டால் போதும். புரியாததை அம்மா கேட்கட்டும், பிள்ளை சொல்லட்டும். தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் அப்போது அவளுக்கு இருக்காது. அந்தப் பள்ளியில் அடுத்த தடவை கூப்பிட்டால் அவளைத் தனியாக அனுப்பாதே. நீயும் கூடப் போ. "வீட்டில் இதெல்லாம் செய்கிறோம், நீங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள்" என்று மரியாதையாகக் கேள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. தம்பி மதகைப் பார்க்கப் போய்விட்டு இப்போதுதான் வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே, வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது, பயம் இல்லை என்கிறான். மேலத்தெருப் பெரியம்மாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். கொள்ளுப்பேத்தி எங்கள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். பலகையைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா பக்கத்தில் படுத்திருந்தாள். "கமலா வர்றாளாடி?" என்று கேட்டார். பொங்கலுக்கு வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது. வரும்போது மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. கோலை எடுத்து வைத்திருக்கிறேன், பேத்தி நம் திடலை அளக்கட்டும்.

அன்புடன்,
உன் சரோஜா